சிக்னல் ஃபுல்லா இருக்கு, ஆனா நெட் ஏன் திக்கித் திக்கி வருது?

வைஃபை ஐகான்ல எல்லாக் கோடும் நிறைஞ்சிருக்கும், ரவுட்டர் அதே ரூம்லயே இருக்கும், ஆனாலும் வீடியோ கால்ல பேசிட்டு இருக்கும்போதே குரல் வெட்டி வெட்டி வரும், படம் அப்படியே உறைஞ்சு நின்னுடும். உடனே பெரும்பாலானவங்க நாலு ஆன்டெனா வச்ச பெரிய ரவுட்டரா பாத்து வாங்கிடுறாங்க, அதை மாட்டினதுக்கு அப்புறமும் பல வீட்டுல இதே கதைதான் தொடருது. காரணம் என்னன்னா அந்தக் கோடுங்க காட்டுறது ரவுட்டர்ல இருந்து வர்ற அலை எவ்வளவு பலமா வந்து சேருதுங்கிறதை மட்டும்தான், அதே நேரத்துல அந்த அலைவரிசையில வேற என்னென்ன இரைச்சல் இருக்குன்னு அது சொல்றதே இல்ல. உதாரணமா ரவுட்டர் சிக்னல் மைனஸ் 65 டிபிஎம் (அலையோட பலத்தை அளக்குற அலகு, மைனஸ் எண் பெருசாக ஆக அலை மெலிசு), பின்னணி இரைச்சல் மைனஸ் 90 டிபிஎம்னு வச்சுக்குவோம், ரெண்டுக்கும் நடுவுல 25 டெசிபெல் இடைவெளி இருக்கு, எல்லாம் நல்லா ஓடும். அதே மைனஸ் 65 அப்படியே இருக்கட்டும், இரைச்சல் மட்டும் மைனஸ் 75க்கு ஏறிடுச்சுன்னா இடைவெளி வெறும் 10, நெட் தள்ளாட ஆரம்பிச்சிடும், ஆனா ஐகான்ல ஒரு கோடு கூட குறையாது.

இந்த இரைச்சல் எங்க இருந்து வருதுன்னு புரியணும்னா 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையோட கதை கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும். 1947ல அட்லாண்டிக் சிட்டியில நடந்த சர்வதேச தொலைத்தொடர்பு மாநாட்டுல, தொழிற்சாலை, ஆராய்ச்சி, மருத்துவக் கருவிங்களுக்குன்னு சில அலைவரிசைகளை ஒதுக்கினாங்க, அதுல ஒண்ணுதான் 2450 மெகாஹெர்ட்ஸைச் சுத்தி இருக்குற இந்த இடம். அப்போ அது தகவல் அனுப்புறதுக்கான இடமே இல்ல, சூடு பண்றதுக்கான இடம், மைக்ரோவேவ் அவன் (சாப்பாடு சூடு பண்ற மின் அடுப்பு) அங்க குடியேறினது அப்படித்தான். அதுக்கு ரொம்ப வருஷம் கழிச்சு, 1985லதான் அமெரிக்காவுல அலைவரிசைகளைக் கண்காணிக்கிற எஃப்சிசி அமைப்பு இந்தப் பட்டையில லைசென்ஸ் இல்லாம ரேடியோ கருவிங்க ஓட அனுமதி குடுத்தது, அதுவும் ஒரு கண்டிஷனோட: அடுத்தவங்களுக்குத் தொந்தரவு பண்ணக் கூடாது, அடுத்தவங்களால வர்ற தொந்தரவைப் பொறுத்துக்கணும். 1997ல வந்த வைஃபையோட முதல் தரமான 802.11 இந்த இடத்துலதான் பொறந்தது. ஆக வைஃபைக்கு இங்க எந்த முன்னுரிமையும் கிடையாது, பக்கத்து வீட்டு ரவுட்டர் மேலயோ மைக்ரோவேவ் அவன் மேலயோ யார்கிட்டயும் போய் புகார் குடுக்க முடியாது, நம்ம பக்கத்துல என்ன மாத்தலாம்னு பாக்குறதுதான் ஒரே வழி.

வைஃபை எப்படிப் பேசும்ங்கிறதை இங்க கொஞ்சம் நிதானமா பாத்துடலாம், ஏன்னா இது புரிஞ்சா மத்த எல்லா செட்டிங்கும் தானாவே புரியும். ஒரு சேனல்ல, அதாவது பட்டையோட ஒரு துண்டுல, ஒரு நேரத்துல ஒரே ஒரு கருவிதான் பேச முடியும். அதனால ஒவ்வொரு கருவியும் அனுப்புறதுக்கு முன்னாடி காதைத் தீட்டிக் கேக்கும், யாராவது பேசிட்டு இருந்தா காத்திருக்கும், சும்மா இருந்தா ஒரு குட்டி இடைவெளி விட்டு அனுப்பும். இந்தக் கேக்குறது ரெண்டு விதமா நடக்குது. வர்றது வைஃபை பாக்கெட்தான்னு (தகவலைத் துண்டு துண்டா அனுப்புறதுல ஒரு துண்டு) அதோட ஆரம்பக் குறியை வச்சு அடையாளம் கண்டுக்கிட்டா, மைனஸ் 82 டிபிஎம் அளவுக்கு மெலிசா இருந்தா கூட ஒதுங்கி வழிவிடும். என்னன்னே புரியாத வெறும் இரைச்சல்னா மைனஸ் 62 வரைக்கும் பலமா இருந்தாத்தான் சேனல் பிஸின்னு எடுத்துக்கும். ரெண்டுக்கும் நடுவுல 20 டெசிபெல், அதாவது நூறு மடங்கு வித்தியாசம். தனக்குப் புரியிற பேச்சுக்கு வைஃபை ரொம்ப மரியாதை குடுக்கும், புரியாத சத்தத்துக்கு மேலயே பேச ஆரம்பிச்சிடும்.

இப்போ சேனலுக்கு வருவோம். 2.4ல சேனல் 1க்கு நடுப்புள்ளி 2412 மெகாஹெர்ட்ஸ், அடுத்தடுத்து 5 மெகாஹெர்ட்ஸ் தள்ளித் தள்ளி வரும், 6 வந்து 2437, 11 வந்து 2462. ஆனா ஒரு சேனலுக்கு வேண்டிய அகலமே 20 மெகாஹெர்ட்ஸ், பழைய வைஃபை தரமான 802.11பி-க்கு 22. அதனால ஒண்ணோட ஒண்ணு முட்டாம உக்காரணும்னா 1, 6, 11 இந்த மூணுதான் தேறும். ரொம்ப பேர் பண்றது என்னன்னா, எந்த சேனல்ல யார் இருக்காங்கன்னு காட்டுற ஒரு ஆப்பைப் போட்டுப் பாப்பாங்க, 1லயும் 6லயும் கூட்டமா இருக்கும், நடுவுல 3 காலியா தெரியும், சரி அங்க போய் உக்காந்துடலாம்னு மாத்திடுவாங்க. சேனல் 3 பிடிக்கிற இடம் 2412ல இருந்து 2432 வரைக்கும், சேனல் 1 பிடிக்கிறது 2402ல இருந்து 2422, சேனல் 6 பிடிக்கிறது 2427ல இருந்து 2447, கணக்கு போட்டுப் பாத்தா 3ல உக்காந்தவர் 1லயும் பாதி, 6லயும் கால்வாசி மேல படுத்திருக்கார். அவரோட பாக்கெட் அந்த ரெண்டு பக்கத்துக்கும் வைஃபைன்னே தெரியாது, வெறும் இரைச்சலாத்தான் கேக்கும். பக்கத்து ரூம்ல நடக்குற பேச்சு வார்த்தை புரியாம சத்தமா மட்டும் கேட்டா எப்படி இருக்கும், அப்படி. வழிவிடவும் முடியாது, வேலை பாக்கவும் முடியாது.

அதனால நான் இதை அழுத்திச் சொல்றேன், பக்கத்து வீட்டுக்காரரும் நீங்களும் ஒரே சேனல்ல இருக்குறது, அரைகுறையா மோதுற ரெண்டு சேனல்ல இருக்குறதை விட நல்லது. ஒரே சேனல்ல இருந்தா ரெண்டு ரவுட்டரும் ஒருத்தரை ஒருத்தர் அடையாளம் கண்டுக்கிட்டு முறை போட்டுப் பேசும், வேகம் பங்கு போகும், அவ்வளவுதான். அரைகுறையா மோதினா பாக்கெட் சிதையும், திரும்ப அனுப்பணும், நாலு தடவை சிதைஞ்சா ரவுட்டர் என்ன நினைக்கும், ஓ சிக்னல் சரியில்ல போலன்னு வேகத்தைக் குறைச்சு நிதானமா அனுப்ப ஆரம்பிக்கும், நிதானமா அனுப்புற பாக்கெட் காத்துல இன்னும் அதிக நேரம் இருக்கும், அதிக நேரம் இருந்தா மோதல்ல மாட்டுற வாய்ப்பு இன்னும் ஏறும், இப்படியே சரிஞ்சுக்கிட்டே போகும். 13 சேனல் அனுமதிக்கிற நாடுகள்ல 1, 5, 9, 13னு நாலா வச்சுக்கலாம்னு ஒரு வாதம் உண்டு, கணக்குப்படி அது சரியும் கூட, ஆனா அக்கம்பக்கம் எல்லாரும் அதே மாதிரி வச்சாத்தான் பலன், ஒருத்தர் 6ல இருந்தாலே 5, 9 ரெண்டும் அடிவாங்கும்.

எந்த சேனல்னு முடிவு பண்ண, எத்தனை நெட்வொர்க் பேர் தெரியுதுன்னு எண்ணுறதை விட, எது பலமா வருதுன்னு பாருங்க. மைனஸ் 85ல எட்டு நெட்வொர்க் இருக்குற சேனல், மைனஸ் 50ல ஒரே ஒரு நெட்வொர்க் முழு நேரமும் வீடியோ ஓட்டிட்டு இருக்குற சேனலை விட பெரும்பாலும் மேல். சேனலை ஆட்டோவுல விட்டா தப்பில்ல, ஆனா நிறைய ரவுட்டருங்க ஸ்டார்ட் ஆகும்போது ஒரு தடவை மட்டும் பாத்து முடிவு பண்ணிட்டு அதுக்கு அப்புறம் கண்டுக்காது. எல்லாரும் தூங்குற நேரத்துல ரீஸ்டார்ட் ஆச்சுன்னா அமைதியா இருந்த சேனலைப் பிடிச்சு உக்காந்துடும், சாயந்திரம் எல்லாரும் வீடு வந்து சேர்ந்ததும் அங்கதான் நெரிசல் இருக்கும்.

அகலம்னு ஒரு செட்டிங் இருக்கும், 20, 40னு. 2.4ல 40 போட்டா ஸ்பீட் டபுள்னு தோணும், ஆனா மொத்தப் பட்டையே 83.5 மெகாஹெர்ட்ஸ்தான், அதுல பாதியை ஒரே ஆள் எடுத்துக்கிட்டா எல்லார்கூடயும் மோதல்தான், அக்கம்பக்கத்துல ஒரு வீடு இருந்தா கூட 20லயே வைங்க. இன்னொண்ணு, அதிகம் பேர் கவனிக்காதது, பீக்கன். ஒவ்வொரு வைஃபை நெட்வொர்க் பேரும் 102.4 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை நான் இங்க இருக்கேன்னு ஒரு அறிவிப்பு அனுப்பும், பழைய கருவிக்கும் புரியணுமேன்னு பல ரவுட்டர் 2.4ல இதை 1 எம்பிபிஎஸ் வேகத்துல அனுப்பும். 250 பைட் அறிவிப்புன்னா அதுக்கு 2 மில்லிசெகண்டுக்கு மேல ஆகும், அதாவது யாரும் எதையும் டவுன்லோட் பண்ணாமலே ஒரு நெட்வொர்க் பேருக்கு சேனலோட நேரத்துல 2 சதவீதத்துக்கு மேல போயிடுது. கெஸ்ட், குழந்தைங்களுக்கு ஒண்ணு, கேமராவுக்கு ஒண்ணுன்னு நாலு நெட்வொர்க் பேர் வச்சா நீங்களே உங்க சேனல்ல கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கைத் தின்னுடுறீங்க. தேவையில்லாத பேரை அணைச்சிடுங்க, ரவுட்டர்ல 802.11பி ஆதரவை நிறுத்துற வசதி இருந்தா நிறுத்திடுங்க, குறைஞ்ச வேகம் 6 எம்பிபிஎஸ்க்கு ஏறிடும், அதே அறிவிப்பு மில்லிசெகண்ட்ல பாதிக்குள்ள முடிஞ்சிடும். 11பி மட்டுமே தெரிஞ்ச ரொம்ப பழைய கருவி ஏதாவது வீட்டுல இருந்தா மட்டும் அது கனெக்ட் ஆகாது, பாத்துக்கோங்க.

வைஃபை இல்லாத எதிரிங்களுக்கு வருவோம், முதல் ஆள் மைக்ரோவேவ் அவன்தான். உள்ள ஓடுறது ஆயிரம் வாட் அளவு, உங்க ரவுட்டர் அனுப்புறது ஏறக்குறைய 0.1 வாட், பத்தாயிரம் மடங்கு. அவன்ல இருந்து பத்து லட்சத்துல ஒரு பங்கு கசிஞ்சா கூட அது 1 மில்லிவாட், பக்கத்துல இருக்குற லேப்டாப்புக்கு ரவுட்டர்ல இருந்து வந்து சேர்ற சிக்னலோட ஒப்பிட்டா அது காதடைக்கிற சத்தம். கதவுக் கசிவுக்கான பாதுகாப்பு வரம்பெல்லாம் உடம்புக்குத் தீங்கு வராம இருக்க வச்சது, வைஃபையை மனசுல வச்சு எழுதினது இல்ல, அதனால அவன் பழுதுன்னோ ஆபத்துன்னோ பயப்பட வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் வச்ச சாதா அவன்ல ஒரு விசேஷம் இருக்கு, மின்சாரத்தோட ஒவ்வொரு சுழற்சியிலயும் பாதி நேரம்தான் அது அலையை உமிழும், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்னா 10 மில்லிசெகண்ட் இரைச்சல், 10 மில்லிசெகண்ட் அமைதின்னு மாறி மாறி வரும். அந்த அமைதி நேரத்துல பாக்கெட் நழுவிப் போயிடும், அதனாலதான் அவன் ஓடும்போது நெட் முழுசா செத்துப் போகாம திக்கித் திக்கி வருது. ஆஸ்திரேலியாவுல பார்க்ஸ் ரேடியோ டெலஸ்கோப்ல பல வருஷமா புரியாத சில சிக்னல் பதிவாயிட்டே இருந்தது, 2015லதான் கண்டுபிடிச்சாங்க, அங்க இருந்த மைக்ரோவேவ் அவன் நிக்குறதுக்கு முன்னாடியே கதவைத் திறக்கும்போது வெளிய வர்ற அலை அதுன்னு. விஞ்ஞானிங்களுக்கே இத்தனை வருஷம் தண்ணி காட்டின பொருள் அது, வீட்டுல சந்தேகம் வந்தா முதல்ல அதைப் பாருங்க. அவனும் ரவுட்டரும் பக்கம் பக்கமா இருக்கக் கூடாது, முக்கியமா உங்களுக்கும் ரவுட்டருக்கும் நடுவுல அவன் இருக்கக் கூடாது.

அவனை எல்லாருக்கும் தெரியும், ஆனா யூஎஸ்பி 3.0 பத்தி யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. அதோட 5 ஜிபிபிஎஸ் சிக்னல் எழுப்புற இரைச்சல் பரவலா விரிஞ்சு 2.4 பட்டை முழுக்க மூடும், 2012ல இன்டெல் நிறுவனமே இதை அளந்து ஒரு அறிக்கையா வெளியிட்டது. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கை லேப்டாப்ல சொருகி பெரிய ஃபைல் காப்பி பண்ணும்போது பக்கத்து போர்ட்ல இருக்குற வயர்லெஸ் மவுஸ் டாங்கிளைக் கவனிங்க, கர்சர் தத்தித் தத்திப் போகும், டிஸ்கைக் கழட்டினா வழுக்கிட்டு ஓடும். இதே டிஸ்கை ரவுட்டர் முதுகுல சொருகி அது மேலயே சாய்ச்சு வச்சா ரவுட்டரோட காதுலயே கத்துற மாதிரி ஆயிடும், 2.4ல தூரத்துல இருக்குற கருவிங்க ஒவ்வொண்ணா கழண்டுக்கும். நல்ல ஷீல்டிங் உள்ள கேபிள், டிஸ்க்குக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவுல ஒரு கை நீளமாவது தூரம், டாங்கிளுக்கு ஒரு சின்ன யூஎஸ்பி 2 எக்ஸ்டென்ஷன் வயர், இது போதும். சில ரவுட்டர்ல அந்த போர்ட்டை யூஎஸ்பி 2 வேகத்துக்கு இறக்கிக்கிற செட்டிங்கும் இருக்கும்.

புளூடூத் பத்தி நிறைய பயம் இருக்கு, அந்த அளவுக்குத் தேவையில்ல. அது 79 குட்டி சேனல்ல செகண்டுக்கு 1600 தடவை தாவித் தாவிப் போகும், 2003ல வந்த 1.2 பதிப்புல இருந்து வைஃபை இருக்குற இடத்தைக் கண்டுபிடிச்சு அங்க தாவாம ஒதுங்கிக்கவும் கத்துக்கிச்சு. ஸ்மார்ட் பல்பு, சென்சார்னு சிக்பீங்கிற குட்டி ரேடியோ முறையில ஓடுற கருவிங்க வச்சிருக்கறவங்க மட்டும் கொஞ்சம் யோசிக்கணும், அங்க பாதிக்கப்படுறது வைஃபை இல்ல, சிக்பீதான், ஏன்னா அதோட பவர் ரொம்பக் கம்மி. சிக்பீ சேனல் 25 இருக்குறது 2475ல, வைஃபை 11 முடியிறது 2472ல, அதனால சிக்பீ ஹப்பை 25ல வச்சு ரவுட்டரை 1லயோ 6லயோ வச்சா நிம்மதி. நிஜமா மோசமானது பழைய அனலாக் வயர்லெஸ் கேமரா, குழந்தை மானிட்டர், டிவிக்கு படம் அனுப்புற கருவி இதெல்லாம், யார் பேசுறாங்கன்னு கேக்காம இடைவெளியே விடாம உமிழ்ந்துட்டே இருக்கும். இது எதுவும் போன்ல இருக்குற வைஃபை அனலைசர் ஆப்ல தெரியாதுங்கிறதுதான் சிக்கல், அந்த ஆப் பீக்கன் அனுப்புற ரவுட்டரை மட்டும்தான் காட்டும். ஆப்ல காலியா இருக்குற சேனல் நிஜத்துல மூச்சு முட்டிட்டு இருக்கலாம், அதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு கருவியா அணைச்சுப் பாக்குறதுதான் வழி.

இவ்வளவு தொல்லைக்கும் ஒரே பெரிய விடை 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போறது. அங்க மைக்ரோவேவ் அவன் இல்ல, புளூடூத் இல்ல, ஒண்ணோட ஒண்ணு மோதாத 20 மெகாஹெர்ட்ஸ் சேனல் நாட்டைப் பொறுத்து இருபதுக்கும் மேல கூட கிடைக்கும். சுவர் தாண்டுறதுல அது பலவீனம்னு குறையா சொல்லுவாங்க, ஆனா நெருக்கமான குடியிருப்புல அதுவே நமக்கு லாபம், பக்கத்து வீட்டு அலையும் சுவர்லயே நின்னுடுது இல்லையா. போன், லேப்டாப், டிவி எல்லாத்தையும் 5க்கு மாத்திட்டு, 2.4ஐ அது மட்டுமே தெரிஞ்ச கருவிங்களுக்கும் தூர மூலைக்கும் விட்டுடுங்க. இங்கயும் ஒரு விஷயம் இருக்கு, 52ல இருந்து 64, 100ல இருந்து 144 வரைக்கும் உள்ள சேனல் ரேடாரோட பங்கு போட்டுக்கிறது. அங்க உக்காரணும்னா ரவுட்டர் முதல்ல குறைஞ்சது 60 செகண்ட் வாய் திறக்காம கேக்கணும், நடுவுல ரேடார் மாதிரி ஏதாவது கேட்டா உடனே காலி பண்ணிட்டு அந்தப் பக்கம் 30 நிமிஷம் வரக் கூடாது. விமான நிலையம், வானிலை ரேடார் பக்கத்துல இருக்குற வீட்டுல திடீர்னு வைஃபை ஒரு நிமிஷம் காணாமப் போய் திரும்ப வந்தா காரணம் பெரும்பாலும் இதுதான், 36லயோ, அனுமதி இருந்தா 149லயோ வச்சுடுங்க. அகலத்துலயும் பேராசை வேண்டாம், இரட்டிப்பா அகலமாக்கும்போதெல்லாம் இரைச்சலும் 3 டெசிபெல் கூடுது, 36ல ஆரம்பிக்கிற 160 மெகாஹெர்ட்ஸ் 64 வரைக்கும் நீண்டு அந்த ரேடார் சேனலுக்குள்ளயே போயிடுது. நெரிசலான இடத்துல 40, இல்லன்னா 80 போதும். 6 கிகாஹெர்ட்ஸ் அனுமதிச்ச நாட்டுல, ரவுட்டரும் போனும் ரெண்டுமே அதைப் புரிஞ்சுக்கிட்டா, இந்தக் கவலை எதுவும் வேண்டாம், அங்க இன்னும் கூட்டம் சேரல.

வைக்கிற இடத்துக்கு வந்தா, வீட்டு நடுவுல, நெஞ்சு உயரத்துக்கு மேல, திறந்த இடத்துல. இரும்பு பீரோ, டிவி முதுகு, கண்ணாடிக்குப் பின்னாடி இருக்குற உலோகப் பூச்சு, மீன் தொட்டி, இதெல்லாம் அலையைத் தடுக்கும், சிக்னல் குறைஞ்சா அதே இரைச்சலும் பெருசா தெரியும். பவரை முழுசா ஏத்தி வைக்கிறது தீர்வு இல்ல, ரவுட்டர் கத்துறது போனுக்குக் கேக்கும், போன் அதோட குட்டி பேட்டரியை வச்சு திரும்பப் பேசுறது ரவுட்டருக்குக் கேக்கணுமே, அது நடக்காது, கூடவே பக்கத்து வீட்டுக்கும் உங்க இரைச்சல் போகும், அவர் பதிலுக்கு ஏத்துவார். தூரம்தான் பிரச்சனைன்னா ரிப்பீட்டர் வைக்கிறாங்க, ஒரே ரேடியோவுல வாங்கி அதே சேனல்ல திருப்பி அனுப்புற ரகம்னா ஒவ்வொரு பாக்கெட்டும் காத்துல ரெண்டு தடவை போகுது, வேகம் பாதியாகும், நெரிசல் ரெண்டு மடங்காகும். ரெண்டாவது வைஃபை பாயிண்ட் வேணும்னா அதுவரைக்கும் கேபிள் இழுங்க, நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரைக்கும் தாராளமா போகும். இடம் விட்டு நகராத டிவி, டெஸ்க்டாப், கேம் கன்சோல், இதையெல்லாம் வயர்ல மாட்டிட்டாலே போதும், ஸ்மார்ட் டிவி ஓட்டுற வீடியோ மொத்தமும் காத்தை விட்டு இறங்கிடும், மிச்ச இடம் போனுக்குக் கிடைக்கும்.

சரி பண்ணும்போது ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க, எல்லாத்தையும் மொத்தமா மாத்தினா எது வேலை பண்ணுச்சுன்னு தெரியாமப் போயிடும். ஸ்பீட் டெஸ்ட்டை நம்பாதீங்க, அது வெளிய இருக்குற லைனையும் சேர்த்து அளக்கும். லேப்டாப்ல இருந்து ரவுட்டரோட முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1, இல்லன்னா 192.168.0.1, தொடர்ந்து பிங் (பதில் வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு அளக்குற சோதனை) ஓட விடுங்க. ஒழுங்கான வைஃபைல 2, 3 மில்லிசெகண்ட்ல பதில் வந்துட்டே இருக்கும், நடுநடுவுல 80, 200, அப்புறம் பதிலே இல்லன்னு வந்தா காத்துலதான் தகராறு. அதை ஓட விட்டுட்டே மைக்ரோவேவ் அவனை ஆன் பண்ணுங்க, டிஸ்கைக் கழட்டுங்க, சேனலை மாத்துங்க, எண் எப்போ மாறுதுன்னு பாருங்க, எல்லாரும் நெட் பாக்குற நேரத்துலயும் ஒரு தடவை செஞ்சு பாருங்க. அதே லேப்டாப்பை கேபிள்ல மாட்டி ரவுட்டருக்கு 1 மில்லிசெகண்ட்ல பதில் வந்தும் வெளி சைட்டுக்கு மட்டும் தாமதம் ஆகுதுன்னா, கோளாறு வீட்டுக் காத்துல இல்ல, வெளிய வர்ற லைன்ல, அதுக்கு சேனல் எதை மாத்தினாலும் ஒண்ணும் ஆகாது.